கிடா உலுக்கவில்லை

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மலேசியாவில் சுங்கை லாலாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் நடந்தது இது. எழுத எனக்கு ஒன்றும் பெருமையில்லை.

நான் செம்பனைக் குலை வெட்டுகிறவன். வீட்டுக்குப் பின்னால் ஆடு வளர்க்கிறேன். முதுகு வலிக்குக் கெத்தும் என்ற போதை இலையை வேகவைத்துக் குடிப்பேன். சட்டப்படி குற்றம், தெரிந்துதான் குடித்தேன். காலையில் ஒரு கிளாஸ் குடித்தால் உடம்பு மரத்துப்போகும். மத்தியானத்துக்குள் இறங்கிவிடும்.

எங்கள் வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி என்னிடம் கிடா கேட்டாள். அவள் புருஷன் குருண் ஊர்த் தொழிற்சாலை இயந்திரத்தில் கால் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தான். மாமியார் அதற்கும் இவளைத்தான் திட்டினாள். இவள் வந்த நேரமாம். அவன் நடந்தால் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள். நடந்தான். பூசை நல்லபடியாக முடிந்தால் அந்தப் பேச்சும் ஒழியும் என்று நம்பினாள்.

கிடா முரடு. பூசையன்று காலை வேனில் ஏற்ற வந்த இரண்டு பேரை முட்டித் தள்ளியது. எரிச்சலில் கெத்தும் சக்கையை அள்ளிப் புண்ணாக்கில் பிசைந்து வைத்தேன். தின்றது, அடங்கியது. பூசை மத்தியானம்தான், அதற்குள் இறங்கிவிடும் என்று என் உடம்பை வைத்துக் கணக்குப் போட்டேன்.

தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் கிடா உடம்பை உலுக்க வேண்டும். உலுக்கினால்தான் சாமி சம்மதம், அப்புறம்தான் வெட்டு. பூசாரி ஊற்றினார். நின்றது. மறுபடி ஊற்றினார். அப்படியே நின்றது.

“காதுல ஊத்து லா!”

“சாமிக்கு இன்னிக்கு சைவம் போல.”

சிரித்தார்கள். மூன்றாவது முறையும் உலுக்காததும் சிரிப்பு நின்றுபோனது. மாமியார் ஆரம்பித்தாள்.

“நான் அப்பவே சொன்னேன். இவ கையால குடுத்தா சாமி வாங்குமா?”

அந்தப் பெண் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். “அண்ணே, கிடாவுக்கு ஒடம்பு சரியில்லையா? பாத்து சொல்லுங்கண்ணே.”

கூட்டத்தில் ஒரு போலீஸ்காரரும் நின்றிருந்தார். “நல்லாத்தாம்மா இருந்துச்சு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வெட்டாமலே கிடாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் வரை அசைபோடவில்லை, வாயில் எச்சில் வழிந்தது. பயந்துபோய் டவுனிலிருந்து கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

“ஒன் வயிறும் ஆட்டு வயிறும் ஒண்ணா? அசைபோடுற பிராணிய்யா இது. சக்கை உள்ளயே கெடந்து ஊறும், கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே இருக்கும். எப்ப இறங்கும்னு எனக்கே தெரியாது. இத வெட்டி புள்ளைங்களுக்கும் போட்டிருப்பீங்க. மனுசனாய்யா நீ?”



செவ்வாய்க்கிழமை காலையில்தான் அது தீனியைத் தேடியது. கொட்டகை கழுவும்போது ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். தலையிலிருந்து வால் வரை உலுக்கியது. வாளியைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்கு ஓடினேன்.

அவள் இல்லை. திங்கட்கிழமையே அவள் அண்ணன் வந்து அலோர் ஸ்டாருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ என்ன குடுத்தா என்ன? சாமி நெனச்சிருந்தா உலுக்க வச்சிருக்கும். போப்பா, ஒன் வேலையப் பாரு.”

புருஷன் வாசலில் நின்றான், அவள் வேண்டிக்கொண்ட அதே காலோடு. அலோர் ஸ்டாருக்கும் போனேன். அவள் அண்ணன் என்னை உள்ளேயே விடவில்லை. அவள் இன்றுவரை திரும்பி வரவில்லை.

கெத்தும் குடிப்பதை விட்டுவிட்டேன். முதுகு வலிக்கிறது, வலிக்கட்டும். ஆனால் மழையில் நனைந்து வரும் ஆடு உடம்பை உலுக்கும்போதெல்லாம் “பாத்து சொல்லுங்கண்ணே” என்று அவள் கேட்டது காதில் விழுகிறது. கேட்ட இடத்தில் சொல்லாத உண்மையை அப்புறம் எந்த வாசலுக்குக் கொண்டுபோனாலும் யாரும் வாங்குவதில்லை.