ஒரு சாண் மிச்சம்

அத்தனை பேர் இருக்க, அந்த வில்லை அவர் என்னிடம் ஏன் கொடுத்துவிட்டுப் போனார்?

ஏரலுக்கு அருகே ஆற்றோரத் தோப்பில் ஞாயிறுதோறும் நாங்கள் சிலர் வில் பழகுகிறோம். அவர் காயல்பட்டினத்துக்காரர், துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். மருதாணிச் சிவப்பேறிய தாடி, முழுக்கை வெள்ளைச் சட்டை, ஆள் உயர மரவில். தேநீர் குடிக்க உட்கார்ந்தால்கூட நாணைக் கழற்றிவிடுவார். "அதுவும் கொஞ்சம் இளைப்பாறட்டும்" என்பார்.

அந்த வில் அவர் பலத்துக்கு மிஞ்சியது. நாண் முகத்துக்கு ஒரு சாண் முன்பே நின்றுவிடும்; தோள் காதுவரை ஏறிவிடும். பயம் என்னவோ பார்க்கிற எனக்குத்தான்.

"அண்ணாச்சி, தோள் போயிரும். என் வில்லை எடுத்துப் பழகுங்க."

"அது தொட்டில் கயிறு மாதிரில்லா வருது! இதை இழுக்காம நான் விமானம் ஏறமாட்டேம்மா."

விடுப்பு முடிந்தது. கடைசி ஞாயிறும் அதே ஒரு சாண். நாணைக் கழற்றி, வில்லை என்னிடம் நீட்டினார்.

"நான் வார வரைக்கும் நீங்க வச்சிக்கிடுங்க. இவனுவ கையில கொடுத்தா ஒரே நாள்ல ஒடிச்சிருவானுவ. நீங்க பயந்து பயந்து இழுப்பிய, வில்லு பொழைச்சிக்கிடும்."

கேலியா, நம்பிக்கையா? பிள்ளை தூங்கும் மதியங்களில் அம்பில்லாமல் இழுக்கிறேன். வெறும் நாணை விட்டால் வில் ஒடிந்துவிடும் என்று, விட்டுவிடாமல் மெல்லத் திரும்பக் கொண்டுவருகிறேன். கைப்பிள்ளைக்காரி செய்கிற வேலையா இது என்று தினமும் யோசிக்கிறேன், தினமும் இழுக்கிறேன். எனக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அவர் வருவதற்குள் நாண் கன்னத்தைத் தொட வேண்டும்.

மரவில் பழகியவர்களே, தோள் கெடாமல் அந்த ஒரு சாணைக் கடக்க என்ன செய்யலாம், எழுதுங்கள். லேசான வில்லுக்குப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நானே அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.