ஊசியை மறைத்துச் சுருமா இட்ட கதை

போன வருட நோன்பு பாதியில் கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல் உறுத்தத் தொடங்கியது. பெருநாளுக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய அபாயாக்கள் (பெண்கள் மேலே உடுத்தும் நீள அங்கி) மேசையில் குவிந்திருந்தன. கறுப்புத் துணி, கறுப்பு நூல். அன்று ஓர் அபாயாவின் ஒரே கையை மூன்று முறை பிரித்துத் தைத்தேன்.

கண் எரிந்தால் எங்கள் வீடுகளில் முதலில் தேடுவது சுருமாவைத்தான் (கண்ணுக்கு இடும் கறுப்பு மைத்தூள்). சுன்னத்தான (நபிவழியான) காரியம், கண் குளிரும் என்று இரண்டு கிழமை இட்டேன். எரிச்சல்தான் கூடியது.

பெருநாள் கழிந்து கல்முனையில் கண் டொக்டரிடம் போனேன். இமைக்கடியில் தாள் துண்டு செருகிப் பார்த்தார் (கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று அளக்கும் சோதனை). தாள் சரியாக நனையவில்லை. உலர்கண் (கண்ணீர் போதாமல் கண்ணின் மேற்பரப்பு காய்வது) என்றார்.

"வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர்."

பொய். உடம்பு மெலிய நாலு மாதமாகப் பெப்டைட் ஊசி (பசியை அடக்கும் மருந்து) குத்திக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. எந்த டொக்டரும் எழுதித் தந்ததல்ல. பிரிஜ்ஜில் பேரீச்சம்பழப் பெட்டிக்குள் ஒளித்திருந்தேன். நோன்பில் எனக்குப் பசியுமில்லை, தாகமுமில்லை. சஹருக்கு (நோன்பு பிடிக்குமுன் விடியலில் உண்பது) இரண்டு மிடறு தண்ணீர் போதும். "உம்மாக்கு ஈமான் (இறைநம்பிக்கை) கூடிட்டு" என்று மகள் சொல்ல, அந்தப் பெயரை வாங்கிக்கொண்டேன்.

டொக்டர் தந்த சொட்டு மருந்துக்கும் கண் தெளியவில்லை. தையல் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல், வந்த துணிகளைத் திருப்பிக் கொடுத்தேன். பயம் பிடித்தது. இதற்கிடையில் மகள் அந்தப் பேரீச்சம்பழப் பெட்டியைத் திறந்து ஊசியைக் கண்டுவிட்டாள். அடுத்த முறை டொக்டர் முன்னால், "உம்மா, ஊசியச் சொல்லுங்கவன்" என்றாள். சொன்னேன்.

டொக்டர் ஏசவில்லை. "ஊசிதான் காரணமெண்டு உறுதியாச் சொல்ல ஏலாது. ஆனா சாப்பாடும் தண்ணியும் இப்படிக் குறைஞ்சா கண் காயும். சுருமாவ விடுங்க. உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு தெரியாத ஊசியையும் விடுங்க."

விட்டேன். குறைந்த எடையில் பாதி திரும்பி வந்தது. கண் மெதுவாகத் தெளிந்தது, முழுதாக அல்ல. நாளுக்கு நாலு முறை சொட்டு, நாலு தையலுக்கு ஒரு முறை கண்மூடல். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஊசியை ஒளித்து வைத்திருப்பவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. டொக்டர் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள்.

இந்த வருடம் முதல் நோன்பில் அசர் (பிற்பகல் தொழுகை) தொழுது எழும்போது பசியில் வயிறு சுருண்டது. நாக்கு ஒட்டியது. மகரிபுக்கு (நோன்பு திறக்கும் அந்திவேளை) இன்னும் எவ்வளவு நேரம் என்று மகளிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். ஒரு நோன்பு இவ்வளவு நீளம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.