இரண்டு விரற்கடை

என் டூல்ஸ் பெட்டியின் மேல்தட்டில் கறுப்பாக ஒரு குழாய்த் துண்டு கிடக்கிறது. இரண்டு விரற்கடை நீளம். கட்டைவிரலை உள்ளே விட்டால் மோதிரம் போல நிற்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இத்தனை வருடமாக ஃபிட்டராக இருக்கிறேன்; எவ்வளவோ இரும்பை வெட்டி எறிந்திருக்கிறேன். எறிய முடியாமல் போனது இது ஒன்றுதான். ஸ்பேனர் எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டும். தட்டும்போதெல்லாம் எங்கள் லேப் மேடம் ஞாபகத்துக்கு வருவார்.

எங்கள் கம்பெனியில் இரும்பை உருக்கி வார்க்கிறார்கள். ஒவ்வொரு முறை உருகியதும் கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து லேபுக்கு அனுப்புவோம். அதில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து மேடம் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டு ஊற்ற முடியாது. சாம்பிள் வந்தால் மணி அடிக்கும், மேடம் எழுந்து போவார். அவருக்கு மாற்று ஆள் போடுகிறோம் என்று மேலே சொல்லிக்கொண்டே இருந்தார்கள், போடவில்லை. லீவு கேட்டால், "நீங்க இல்லன்னா யாரு மேடம்?" என்பார்கள். கேட்கப் பெருமையான வார்த்தைதான். ஆனால் அதையே தாழ்ப்பாளாகவும் போடலாம் என்பதை அந்த லேப் வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

மேடத்துக்குச் சொந்த ஊர் திருப்பாச்சூர். சின்ன வயதில் அவர்கள் நிலத்துக் கிணற்றில் நீந்தப் பழகியவர். நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று டிரையத்லான் ஆசை வந்துவிட்டது: கடலில் நீந்தி, அப்படியே சைக்கிள் ஏறி, இறங்கி ஓட வேண்டும். "ஏன் மேடம் இந்த வம்பு?" என்று கேட்டேன். "கிணத்துல நீந்துனா நாலு கை போட்டதும் செவுரு வந்துடுதுண்ணா. செவுரு இல்லாத எடத்துல ஒரு தபா நீந்திப் பாக்கணும்" என்றார். ஊரில் யார் என்ன நல்ல வார்த்தை சொன்னாலும் மனதில் முடிந்துவைத்துக்கொள்கிற ஆள் நான். அதையும் முடிந்துகொண்டேன்.

அந்தப் பந்தயத்துக்கென்றே செய்த சைக்கிள் ஒன்று பெட்டியில் பிரித்துப் போட்டபடி வந்தது. அலைன்மென்ட் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு என்பதால் என்னிடமே கொடுத்தார். உலை நிறுத்திய ஒரு ஞாயிறு காலை, லேபுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் அறையில் வேலையை ஆரம்பித்தோம். துணைக்கு எங்கள் வெல்டர். பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டாண்டில் சைக்கிளை ஏற்றினேன்; மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ரோட்டில் லோடு லாரிகளுக்கு நடுவே இதை ஓட்ட முடியாது. மேடம் பயிற்சி செய்ய வேண்டியதே இந்த ஸ்டாண்டில்தான், இரண்டு சாம்பிளுக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில்.

சீட்டு உயரம் சுலபமாக வந்தது. குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நீள வேண்டும், அவ்வளவுதான். முழங்காலுக்கு நேராகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு சீட்டை முன்னே தள்ளினேன். பிறகு ஹேண்டில். இந்த வகை சைக்கிளில் முன்னால் இரண்டு கொம்புகள் நீண்டிருக்கும். முழங்கைகளைத் திண்டில் ஊன்றி, காற்று முதுகுக்கு மேலே வழுக்கிப் போகும்படி படுத்தாற்போல் ஓட்ட வேண்டும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையிலிருந்து மேலே வரும் குழாயில்தான் ஹேண்டில் மாட்டியிருக்கும்; அதற்கு அடியில் இருக்கும் வளையங்களை எடுத்து மேலே போட்டால் ஹேண்டில் இறங்கும். "இன்னும் இறக்குங்கண்ணா" என்றார் மேடம். இறக்கினேன். "இன்னும்." போனில் வைத்திருந்த படத்தில் யாரோ ஒரு வீராங்கனை அவ்வளவு தாழ்வாகக் குனிந்திருந்தார்.

மேடம் ஏறிக் குனிந்தார். முதுகு வில்லாக வளைந்தது. கழுத்து ஒடிகிற மாதிரி மேலே நிமிர்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார், பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒரு பொம்பளையை, அதுவும் மேடத்தை, அப்படி உற்றுப் பார்ப்பது முறையா என்று கண்ணைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டேன். "சரியா இருக்காண்ணா?" என்றார். ஆபீசர்கள் கேட்டால் எங்கள் வாயில் தயாராக இருக்கும் பதில் ஒன்றுதான்.

"சரியா இருக்கு மேடம்."

ஹேண்டில் இறங்கியதால் அதற்கு மேலே அந்தக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. வெல்டர் சிரித்தான். "இன்னா நைனா, மேடம் வண்டிக்குக் கொம்பு மொளச்சிகீது? வெட்டி உடு. கம்மியாப் பூட்டா நான் வெல்டு வச்சுத் தரேன், இன்னாத்துக்கு பேஜாரு?" எங்களுக்கு மிச்சம் நீட்டிக்கொண்டிருந்தால் பிடிக்காது. இரும்பில் வெட்டியது குறைந்துபோனால் ஒட்டிக்கொள்ளலாம் என்ற தைரியத்திலேயே வாழ்ந்தவர்கள். டேப் சுற்றி, ஹேக்ஸா பிடித்து அறுத்தேன். கறுப்பு மாவாகத் தூள் கொட்டியது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். ஒரு மாதம் ஓட்டிப் பழகிய பிறகே வெட்டவும் என்று பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்ததாம். அந்தத் தாளை விரித்துத்தான் நாங்கள் போண்டா தின்றோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு ரிப்போர்ட்டில் மேடத்தின் கையெழுத்தைப் பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி இருந்தது. விரல் மரத்துப்போகிறது, கழுத்து திரும்பவில்லை என்றார். குழாயை வெட்டிவிட்டதால் ஹேண்டிலை மேலே ஏற்ற இடமில்லை. திண்டுக்கு அடியில் கட்டை வைத்து ஏற்றிப் பார்த்தேன், போதவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு வெல்டரிடம் ஓடினேன். நகத்தால் சுண்டிப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. "இது இரும்பே இல்ல நைனா. துணியக் கோந்துல முக்கி ஒட்ன மாதிரி கீது. இதுல இன்னாத்த வெல்டு வக்கிறது?"

கார்பன் நாரில் செய்த குழாயாம் அது; அதோடு சேர்ந்த முன்கவை வெளிநாட்டிலிருந்து வர ஆறு மாதமாகும் என்றார்கள். பந்தயத்துக்கு இருந்தது இரண்டு வாரம். வருடக்கணக்காகக் கேட்டுக் கிடைத்த ஒரே ஒரு நாள் லீவு அது. லேபுக்குப் போய் நின்றேன். "மேடம், அன்னிக்கு நீங்க மூச்ச அடக்கிக்கினு இருந்தீங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சரின்னேன்."

மேடம் சாம்பிள் பில்லையைக் கையில் உருட்டியபடி இருந்தார். "சரியில்லன்னு எனக்கும் தெரியும்ணா. நீங்களாவது இல்லன்னு சொல்வீங்கன்னுதான் கேட்டேன்" என்றார். பில்லையை மேசையில் வைத்துவிட்டு, "வெட்னது நீங்க, குனிஞ்சது நானு. உடுங்க" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

பந்தயத்தன்று கடற்கரைக்கு நானும் போனேன். கம்பெனியில் அன்று ஒரு நாளைக்கு மட்டும் ரிட்டயரான ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். மேடம் தண்ணீரிலிருந்து முதல் இருபது பேருக்குள் வெளியே வந்தார். சைக்கிள் நிற்கும் இடத்துக்கு ஓடும்போது என்னைப் பார்த்து, மூச்சிரைக்க, "செவுரே வரலண்ணா!" என்று கத்தினார். அந்த முகத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

சைக்கிளில் குனிய முடியவில்லை. கொம்பை விட்டுவிட்டு, அடியில் இருந்த ஹேண்டிலைப் பிடித்துப் பாதி நிமிர்ந்தே ஓட்டினார். எதிர்க்காற்று முழுவதும் நெஞ்சில். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஓட்டத்துக்கு இறங்க வேண்டிய கெடு முடிந்து நான்கு நிமிடம் கழித்து வந்து சேர்ந்தார். கொடி பிடித்தவர் கையை நீட்டித் தடுத்தார். ஒரு பெண் குனிந்து மேடத்தின் கணுக்காலில் இருந்த, நேரம் கணக்கிடும் பட்டையைக் கழற்றினாள். மேடம் காலை நகர்த்தாமல், குழந்தை செருப்பைக் கழற்றக் காட்டுகிற மாதிரி காட்டிக்கொண்டு நின்றார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நாளைக்குக் காலைல எத்தினி மணிக்குண்ணா உலை ஏத்தறாங்க?"

புதிய முன்கவை போன மாதம் வந்தது. மாட்டிவிட்டேன், குழாயை வெட்டவில்லை. வெல்டர் வந்து, நீட்டிக்கொண்டிருந்த குழாயை நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டுப் போனான். மாற்று ஆள் இன்னும் வரவில்லை. அடுத்த பந்தயத்துக்கு லீவு கேட்ட கடிதம் மேலே கிடக்கிறது. சைக்கிளும் அதே அறையில், அதே ஸ்டாண்டில்.

நேற்று மேடம் ஏறி மிதித்தபடி, கொம்பைப் பிடித்துக் குனிந்தார். "சரியா இருக்காண்ணா?"

இந்த முறை கண்ணைத் திருப்பவில்லை. முதுகைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், மூச்சு ஓடுகிறதா என்று பார்த்தேன்.

"இல்ல மேடம். இன்னும் ஏத்தணும்."

"எவ்ளோ?"

டூல்ஸ் பெட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் குழாயின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மேடம் சிரித்தார். வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தார். மணி அடித்தது. இறங்கிப் போய்விட்டார். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டைவிரலில் துண்டை மாட்டிக்கொண்டு, அவர் திரும்பி வரட்டும் என்று நான் நின்றேன்.