கறிக்கடைத் தமனி

இடது கட்டைவிரலை ஆட்டின் கழுத்துக்குள் விட்டு, வலது கையில் சின்னக் கத்தியைப் பிடித்திருக்கும்போது மட்டும் சகாதேவன் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாய் மூடியிருப்பது அந்த இரண்டு நிமிடம்தான். வரிசையில் நிற்பவர்கள் மௌன அஞ்சலிபோல அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மூச்சுக்குழாயை ஒட்டி ஓடும் இரண்டு வெளிறிய குழாய்களை ஒரு சாண் நீளத்துக்குக் கிழியாமல் உருவி, ஐஸ் பெட்டியில் இருக்கும் உப்புநீர்ப் புட்டியில் போட்டு மூடிய பிறகே அவருக்குக் குரல் திரும்பும்.

"யாரும்மா அரைக் கிலோ கேட்டது?"

திருவண்ணாமலையில் அவலூர்பேட்டை சாலையில் கறிக்கடை. வயது ஐம்பத்திரண்டு. பெயரை மாற்றி எழுதச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். சாலையையும்தான். கடையை அப்படியே விட்டுவிட்டேன்.

குழாய் உருவும் பழக்கம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வு செய்யும் மதிவதனி, கீழ்பென்னாத்தூர்ப் பெண், ஒருநாள் கடைக்கு வந்து கறி கேட்காமல் ரத்தக்குழாய் கேட்டாள்.

"கழுத்து நரம்பா? அத நாய்க்கு இல்லம்மா போடுவோம்."

"நரம்பு இல்லண்ணா. தமனி."

அந்தச் சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. "நரம்பு இல்லாம போடுங்க" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் கத்தி அந்தரத்தில் நின்றுவிடும். "எதச் சொல்றீங்க? நரம்பா, தமனியா, சிரையா? கரெக்டா சொல்லுங்க." எலும்பில்லாமல் வேண்டும் என்று கேட்க வந்தவர்கள் கேட்காமலே போயிருக்கிறார்கள்.

மதிவதனியின் ஆய்வு இதுதான். ஆட்டின் தமனியை மூன்று நாள் ஒருவகைச் சோப்புநீரில் அலசினால் ஆட்டின் செல்கள் எல்லாம் வெளியேறி வெறும் வெள்ளைக் கூடு மிஞ்சும். அதற்குள் நோயாளியின் செல்களையே வளர்த்து, சர்க்கரை நோயில் அடைத்துப்போன கால் ரத்தக்குழாய்க்குப் பதிலாக வைக்க முடியுமா? முடியும் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. அவளுடைய பேராசிரியரும் சொல்லவில்லை. சகாதேவன் சொல்லிவிட்டார்.

"இங்க துன்ற கொழுப்புல உங்க கொழா அடைச்சிக்கினா, மாத்துக் கொழாவும் இங்கேர்ந்தேதான் வரப்போவுது. வேற எந்தக் கடையில இந்த வசதி இருக்குது?"

வியாபாரம் கெடும் என்று நினைத்தேன். ஜாஸ்தியானது.

குழாய் நீளமாகக் கிடைக்க வேண்டுமென்று கழுத்தறுக்கும் இடத்தையே தாடைக்குப் பக்கமாக மாற்றிக்கொண்டார். கையுறையும் மாட்டிப் பார்த்தார். வெட்டுமேடையில் குடல் கழுவிக்கொண்டிருந்த மனைவி காசியம்மாள், "ஆடு வெட்றவனுக்கு ஒறையாம் ஒற" என்றதும் கழற்றிவிட்டார்.

கல்லூரிக்குத் தெரியாத இன்னொரு கைவேலையும் அவரிடம் இருந்தது. எங்கள் ஊரில் கறி என்றால் வெள்ளாடு. செம்மறி என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் உரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் வால் மட்டும் உரிக்கப்படாமல் இருக்க வேண்டும். மேல்நோக்கி வளைந்த அந்தக் குட்டி வால்தான் சான்றிதழ். சகாதேவன் வெள்ளாட்டு வாலை எடுத்து, மூங்கில் சிராயும் இரண்டு தையலும் போட்டு, செம்மறியின் பின்புறத்தில் கொழுப்புச் சவ்வுக்கு அடியில் பொருத்திவிடுவார். பதினோரு வருடம் நடந்த உறுப்பு மாற்றுச் சிகிச்சை. ஒரு வாலைக்கூட எந்த வாடிக்கையாளரும் நிராகரித்ததில்லை.

போன புரட்டாசியில் வினை வந்தது. ஊரில் பாதிப்பேர் கறியை விட்டுவிட்டார்கள். பிரியாணிக் கடைகளுக்காகப் பெரும்பாலும் கிழட்டுச் செம்மறிகளே வெட்டு மேடைக்கு வந்தன. மதிவதனிக்கோ வாரம் எட்டுக் குழாய் வேண்டும், அதுவும் இளம் வெள்ளாட்டுக் குழாய். சகாதேவன் தயங்கவில்லை. "ரெண்டுத்துக்கும் கழுத்து ஒரே எடத்துலதான இருக்குது?" என்று பின்னால் என்னிடம் நியாயம் கேட்டார். இதற்கு வால்கூடத் தேவைப்படவில்லை.

ஐப்பசியில், முந்தைய இரண்டு மாதக் குழாய்களை மதிவதனி அழுத்தச் சோதனைக்கு வைத்தாள். சில தாங்கின, சில வெடித்தன. சிலவற்றில் அலசிய பிறகும் ஆட்டின் செல்கள் போகவே இல்லை. முதலில் சோப்புநீரைச் சந்தேகப்பட்டாள். பிறகு பம்பை. கடைசியில், நன்றாகப் படித்த பிள்ளைகள் செய்வதுபோல, தன்னை. மார்கழிக்குள் முடிவு வராவிட்டால் வேறு தலைப்பு பார்க்கச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, புட்டியை வாங்காமல் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கையிலதாண்ணா ஏதோ கோளாறு. ஒரே ஆடு, ஒரே வயசு, ஒரே சோப்பு. ஒரே மாதிரிதான் செய்யறேன். அதுங்க ஒரே மாதிரி வரமாட்டேங்குது. விட்டுட்டு ஊருக்கே போயிடறேன்."

சகாதேவன் வாயைத் திறந்தார். மேடைக்குக் கீழே காசியம்மாளின் கால் அவர் பாதத்தை மிதித்தது. வாய் மூடிக்கொண்டது. மதிவதனி போன பிறகு காசியம்மாள் தெளிவாகவே சொன்னாள்: "இத பாரு, அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்க உன்னால முடியாது. ஊரெல்லாம் தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் வரமாட்டான்."

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிருத்திகைக்கு மட்டும் கடையை மூடுகிறவர், புதன்கிழமை மூடிவிட்டு, கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் பஸ் ஏறினார். ஆய்வுக்கூட வாசலிலேயே நின்று சொன்னார்.

"உங்கையில கோளாறு இல்லம்மா. எங்கையில."

மதிவதனி முதலில் சிரித்தாளாம். புரிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாளாம். பிறகு ஒரே ஒரு கேள்வி. "எத்தனைண்ணா?"

"எண்ணல. தொட்டா சொல்லுவேன்."

ஒவ்வொரு குழாயிலும் விரல்கடை அளவு துண்டை அலசாமல் குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருந்தாள். அறுபத்து நான்கு. ஆய்வுக்கூடக் கையுறை சகாதேவனின் விரல்முட்டியைத் தாண்டவில்லை. கையை நன்றாகக் கழுவச் சொன்னாள். ஒவ்வொன்றாக இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்துப் பிரித்தார்.

"இது நம்ம வெள்ளாடு, வெடக்குட்டி. இது கெழட்டுச் செம்மறி, நாலு ஈத்து ஈணது. தோ பாரு, எவ்ளோ தடிப்பு."

இருபத்தேழு செம்மறி. நுண்ணோக்கியில் வைத்துச் சுவரின் தடிமனை அளந்தாள். இரண்டைத் தவிர எல்லாம் சரியாக இருந்தன. அந்த இரண்டில் மிஷின்தான் தப்பு என்று அவர் இன்றும் சாதிக்கிறார்.

பிரித்துப் போட்டதும் கணக்கு நேரானது. வெள்ளாடு அத்தனையும் தாங்கியிருந்தது. கிழட்டுச் சுவருக்கு மூன்று நாள் அலசல் போதவில்லை, அவ்வளவுதான். தூக்கிப்போட இருந்த மூன்று மாத உழைப்பு ஆய்வேட்டில் ஒரு முழு இயலாகிவிட்டது. தனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்ததாகப் பேராசிரியர் சொன்னாராம். அப்படிப்பட்ட சந்தேகங்களை வெளியே சொல்லாமல் வைத்திருக்கவும் பயிற்சி வேண்டும்.

மதிவதனி மூன்று வாரம் சகாதேவனோடு பேசவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் விடியற்காலையிலேயே வந்து, ஆடு உயிரோடு நிற்பதைப் பார்க்கத் தொடங்கினாள். இன்றும் வருகிறாள்.

"நம்பிக்க இல்லியாம்மா?"

"இருக்குதுண்ணா. ஆடும் இருக்கட்டும்."

வாலை விட்டுவிட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன். புண்பட்டவர்போலப் பார்த்தார். "காலேஜுக்குப் பொய் சொல்லக்கூடாதுங்க. அது மனுசன் கால்ல வெக்கிற பொருளு."

வாடிக்கையாளர்களுக்கு?

"அவங்க வாயில வெக்கிறதுதான."

சென்ற ஞாயிறு நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அப்பாதுரை, தாலுகா அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை. வலது காலில் பெருவிரலிலிருந்து பாதிப் பாதம்வரை கட்டு. செருப்பு ஏறாததால் பாலிதீன் உறை மாட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார். ஆறவே மாட்டேங்குது, ரத்தம் எறங்கலன்னு சொல்றாங்க என்று பொதுவாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சகாதேவன் அதற்குள் வெளிக்கொக்கியில் வால் ஆட்டிக்கொண்டிருந்ததிலிருந்து முக்கால் கிலோ வெட்டித் தராசில் வைத்துவிட்டார்.

"வெள்ளாடுதான சகாதேவா?"

வழக்கமாகக் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். வரவில்லை. ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்த மதிவதனி நிமிர்ந்தாள். காசியம்மாளின் கை குடல் தண்ணீரில் நின்றது. சகாதேவன் அப்பாதுரையின் பாலிதீன் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தராசிலிருந்த கறியை மேடையில் கொட்டினார். விடியற்காலையில் மதிவதனி உயிரோடு பார்த்த, இப்போது உள்கொக்கியில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்த, கழுத்தில் தமனி இல்லாத ஆட்டின் பக்கம் கத்தியோடு போனார்.