அப்பா பேரில் ஒரு முழுக்கு

‘பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டு ஒருவர் இறந்துபோனால், அவர் சம்மதித்தாரா, மறுத்தாரா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குற்றால சீசன் விவரங்களைத் தேடி இங்கே வந்தவர்கள் கடைசிவரை காத்திருந்து ஏமாறக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீசன் விவரங்களும் வழியில் வரும்.

அப்படிச் சொன்னவர் என் அப்பா. கேட்டவள் என் தங்கை கலா. போன ஆடியில் அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, “அப்பா, உங்க காலத்துக்கப்புறம் எங்க சபையில உங்க பேர்ல ஞானஸ்நானம் செய்யட்டுமா?” என்று கேட்டிருக்கிறாள். “பாப்போம்” என்றாராம். அப்போது நான் அறையில் இல்லை. ராணுவத்தில் இருந்த மனிதர், ஆனாலும் ஆம், இல்லை என்று வெட்டிச் சொல்ல மாட்டார். எங்களுக்குச் சைக்கிள் வாங்கித் தரச் சொன்னபோதும் ‘பாப்போம்’ என்றுதான் சொன்னார். சைக்கிள் வரவில்லை. என்னைக் கல்லூரி விடுதியில் சேர்க்கச் சொன்னபோதும் அதையேதான் சொன்னார். சேர்த்துவிட்டார்.

கலா மோர்மன் சபையில், அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவ சபையில், இருப்பவள். நானும் பதினாறு வருடம் அதில் இருந்தேன். பெங்களூரில் படித்த நாட்களில் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, நெஞ்சில் பெயர்ப்பட்டையுடன் இரண்டு வெளிநாட்டுப் பையன்கள் வந்து கதவைத் தட்டினார்கள். முதலில் சேர்ந்தவள் நான். என் பின்னால் கலா. சபை விதிப்படி டீயையும் காபியையும் விட்டோம். மாதம் ஒருமுறை சபை நடுவே எழுந்து சாட்சி சொல்வார்கள். “நம்புகிறேன்” என்று சொல்வது குறைவு. “இது உண்மை என்று அறிவேன்” என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நானும் அறிவேன் என்றுதான் சொன்னேன்.

நான் மொழிபெயர்ப்பாளர். மூலம் எங்கே என்று கேட்பது தொழில்புத்தி. சபையின் நிறுவனர் எகிப்திய ஏடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லும் வேதநூல் ஒன்று அவர்களிடம் உண்டு. அந்த ஏடுகளில் மிஞ்சிய துண்டுகளை, அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்து, அவை வழக்கமான இறுதிச் சடங்கு வாசகங்கள் என்கிறார்கள். சபையில் இதற்கு விளக்கங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன். எதுவும் எனக்குப் போதவில்லை. பத்து வருடம் முன்பு வெளியே வந்தேன். அன்றிலிருந்து கலாவும் நானும் மழை, உடம்பு, பிள்ளைகள் படிப்பு தவிர வேறெதுவும் பேசியதில்லை.

அவர்கள் வழக்கத்தில், உயிரோடிருக்கும் ஒருவர் இறந்தவரின் சார்பில் தண்ணீரில் முழுவதும் மூழ்கி எழலாம். மறுமையில் அதை ஏற்பதும் மறுப்பதும் இறந்தவர் விருப்பம் என்பார்கள். கலா மகள். அவள் விருப்பமே போதும் என்றுதான் எனக்கு நினைவு. ஆனாலும் நானோ அத்தையோ, ஒருவராவது சரி சொன்னால்தான் செய்வேன் என்றாள். அம்மா எப்போதோ போய்விட்டதால் அப்பாவுக்கு மிச்சம் நாங்கள் மூன்று பேர். நான் பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். தேவையில்லாத சம்மதத்தை ஒருத்தி ஏன் கேட்கிறாள் என்ற சந்தேகம்தான். என்னைத் திரும்பச் சபைக்கு இழுக்க இது ஒரு வழியோ?

இந்த ஜூலையில் அப்பாவின் வருஷத் திதி அவர் சொந்த ஊரான கடையத்தில் நடந்தது. சென்னையிலிருந்து தென்காசிக்கு இரவு ரயில், மூன்றாம் வகுப்பு ஏசியில் ஆயிரத்துச் சொச்சம். காலையில் இறங்கும்போதே சாரல். கலா பெங்களூரிலிருந்து பேருந்தில் வந்திருந்தாள். தங்கியது தென்காசியில் அத்தை வீட்டில். அத்தை அப்பாவின் தங்கை, போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். கடையம் அங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். திதி முடிந்ததும், குற்றாலத்தில் குளிக்காமல் ஊர் திரும்பினால் ஊரே சிரிக்கும் என்று அத்தை அடுத்த நாள் எங்களைக் கிளப்பினார்.

தென்காசியிலிருந்து மெயினருவி ஆறு கிலோமீட்டர், ஐந்தருவி அங்கிருந்து இன்னும் நாலு. போய்வர ஆட்டோவுக்கு அறுநூறு கேட்டார்கள். அத்தை தன் பழைய உத்தியோகத்தைச் சொன்னதும் ஐந்நூறானது. உங்களுக்கு அறுநூறுதான்.

“இது வெறும் தண்ணி இல்லக்கா, மூலிகைத் தண்ணி. எந்த நோயும் அண்டாது” என்றார் ஓட்டுநர்.

“எந்த மூலிகை?” என்று கேட்டேன்.

“அது மேல காட்டுக்குள்ள ஏறிப் பாக்கணும்லா. யாரு விடுதா?”

“நீங்க தினமும் குளிக்கிறீங்களா?”

“எங்கக்கா குளிக்க? சவாரியே சரியா இருக்கு. ஒரே சளி.” இருமிக் காட்டிவிட்டு அவரே சிரித்தார்.

பின்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் அத்தை. “இவட்ட வாயக் குடுக்காதீரும் தம்பி, இவ சாமிட்டயே ஆதாரம் கேட்டவ” என்று என் தொடையில் தட்டினார். “மூத்தவ சபையத் தலமுழுகிட்டா. இளையவ அதுலயே முழுகிக் கெடக்கா. ரெண்டு பேருக்கும் துவட்டி விட ஒரு ஆளில்ல.” கலா சிரித்தாள். நானும் சிரித்தேன். சபையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தது அதுவே முதல்முறை.

வழியெங்கும் கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான், சிப்ஸ், தேன். எல்லாவற்றையும் இந்த மலையில் விளைந்தது என்கிறார்கள். சில பெட்டிகளில் வேறு ஊர் முத்திரையைப் பார்த்தேன். தேனை வாங்காதீர்கள். வாங்கினால், சர்க்கரைப் பாகாக இருந்தாலும் வருத்தப்படாத விலைக்கு வாங்குங்கள்.

ஐந்தருவியில் பெண்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. கூட்டம் அதிகம், தண்ணீரும் அதிகம். தோளில் அடிக்கும் அடியில் யோசனை நின்றுவிடுகிறது. மக்கள் இதைத்தான் அருள் என்கிறார்களோ என்று தோன்றியதும், அந்த நினைப்பின் மேலும் சந்தேகம் வந்தது. எந்தப் பெரிய சத்தத்துக்கு நடுவில் நின்றாலும் மனிதருக்கு யோசனை நிற்கத்தான் செய்யும்.

வெளியே வந்து தலை துவட்டத் தொடங்கிய அத்தை, சட்டென்று துண்டை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் உள்ளே போனார். “இது அண்ணனுக்கு” என்றார். வர முடியாதவர் பேரைச் சொல்லி இன்னொரு முழுக்குப் போடுவது இங்கே பழக்கம். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காகப் போடுவார்கள், படுக்கையில் கிடக்கும் மாமியாருக்காகப் போடுவார்கள், இறந்தவருக்காகவும் போடுவார்கள். அத்தை நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தார். அது அப்பாவுக்குப் போய்ச் சேருமா என்று நான் கேட்கவில்லை. துண்டை நீட்டினேன், அவ்வளவுதான்.

கடையில் சூடாக வாழைக்காய் பஜ்ஜி. எனக்கும் அத்தைக்கும் டீ, கலாவுக்குப் பால். அத்தை உடை மாற்றப் போன நேரம் பார்த்து கலா சொன்னாள்: “அக்கா, அத்தை சரின்னுட்டாங்க. இப்பதான், நீ டீ சொல்லப் போனப்ப கேட்டேன்.”

“என்னன்னு கேட்ட?”

“அப்பாவுக்காகத்தான்னு...”

“எந்த வார்த்தை சொன்ன கலா?”

அவள் பால் டம்ளரைப் பார்த்தாள். “எங்க சபையில அப்பா பேர்ல ஒரு முழுக்குப் போடப் போறேன், போடட்டுமான்னு கேட்டேன். ‘இதுக்கெல்லாம் கேக்கணுமாட்டி, நல்லாப் போடு’ன்னாங்க.”

ஞானஸ்நானம் என்ற சொல் அங்கே வரவேயில்லை. முழுக்கு என்றால் முழுக்குத்தான், பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அண்ணனுக்காக இப்போதுதான் அருவியில் நின்று வந்த பெண்ணிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் காதில் என்ன விழும்? தெரியாமல் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா?

சாயங்காலம் பரோட்டா சாப்பிடப் புளியறைக்குப் போனோம். செங்கோட்டை தாண்டி, கேரள எல்லைக்கு முன்னால், தென்காசியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நிற்கும். வரிசை நீளமாக இருந்தால் பரோட்டாவும் நன்றாக இருக்கும் என்பது அத்தையின் கணக்கு. ஆளுக்கு நூற்றைம்பதுக்குள் வயிறு நிறைந்துவிடும். வீட்டிலிருந்து கைப்பேசி அழைப்பு வந்து கலா வெளியே போனாள். அத்தையிடம் சொல்லிவிட்டேன். அது அருவி முழுக்கு இல்லை, அப்பாவை அவர்கள் சபையில் சேர்க்கும் சடங்கு என்று. மருத்துவமனையில் அப்பா ‘பாப்போம்’ என்றதையும் சொன்னேன்.

அத்தையின் கை பரோட்டாவில் நின்றது. “மதம் மாத்துததா?”

“அவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. அப்பாவுக்குப் பிடிச்சா ஏத்துக்கலாம், இல்லைன்னா மறுக்கலாம்னு சொல்வாங்க.”

“செத்தவன்ட்ட போய்க் கேக்கதுக்கு ஆளிருக்கா அங்கன?” கொஞ்சம் சால்னாவை ஊற்றிக்கொண்டார். “தெரியாம வாங்குன கைநாட்டு செல்லாது. எத்தன பத்திரம் பாத்திருப்பேன். சரி, இப்பம் ஒண்ணும் கேக்காத. சாப்பிடுத நேரத்துல விசாரண வச்சா அந்தப் பிள்ள சாப்பிடாது. காலைல வச்சுக்கிடுவோம்.”

இரண்டு முழுக்குக்கும் என்ன வேறுபாடு என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அத்தை நனைந்ததால் அப்பா புதிதாக எதுவும் ஆகிவிடவில்லை. கோயிலுக்குப் போனால் ‘செருப்பைப் பாத்துக்கிடுதேன்’ என்று வெளியிலேயே நின்றவர், தங்கை பூசிய திருநீற்றை அழிக்காமலும் இருந்தவர். அப்படியே இருக்கிறார். கலா செய்ய நினைப்பது, அவரே தேடிப் போகாத ஒரு இடத்தில் அவர் பேரைச் சேர்ப்பது. இந்த வேறுபாடு எனக்கு வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதாலேயே அதையும் முழுதாக நம்ப முடியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த சடங்கு கண்ணுக்குச் சடங்காகவே தெரியாது. பதினாறு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்த சடங்கோ இழை இழையாகத் தெரிகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சனி, ஞாயிறைத் தவிருங்கள். நகைகளை வீட்டிலேயே வையுங்கள். காலை ஏழு மணிக்குள் போனால் தோளுக்கு இடம் கிடைக்கும். மலையில் மழை பிடித்தால் முன்னறிவிப்பில்லாமல் குளிக்கத் தடை போடுவார்கள். போலீஸ் வெளியே வரச் சொன்னால் வாதாடாமல் வந்துவிடுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு முன்பே விலை பேசுங்கள். மூலிகை, தேன், மோட்சம், எதை யார் உறுதி சொன்னாலும் ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். இந்தக் கேள்வியை வீட்டு மனிதர்களிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை.

மறுநாள் நடந்தது இது. இரவெல்லாம் மழை பெய்ததால் எல்லா அருவிகளிலும் தடை. வீட்டில் இட்லி முடிந்து கை கழுவியதும் அத்தை நாற்காலியை கலாவுக்கு எதிரே இழுத்துப் போட்டார்.

“ஏட்டி, நேத்து முழுக்குன்னியே. நான் என்ன நெனச்சுச் சரின்னேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

கலா என்னைப் பார்க்கவில்லை. “தெரியும் அத்தை. ஞானஸ்நானம்னு சொன்னா வேண்டாம்னுருவீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்” என்றாள்.

“அப்படிச் சொல்லு. உண்மையச் சொன்னா அடிக்கவா போறேன்?” அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குச் சம்மதம் இல்லம்மா. அண்ணன் பாப்போம்னான்லா? பாக்கதுக்குள்ள போயிட்டான். அதோட விடு.”

“உனக்கு?” என்றாள் கலா, என் பக்கம் திரும்பி.

“எனக்கும் இல்லை.”

“சரி. செய்யலை.” எழுந்து போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். அழுதுகொண்டே அடுக்கினாள். அறைவாசலில் நின்றேன். நேற்றிலிருந்து நான் சந்தேகப்பட்டதை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று நினைத்த சடங்கும் நின்றுவிட்டது.

“இப்ப உனக்குச் சந்தோஷம்தானே அக்கா?” என்றாள்.

“இல்லை” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவள் நம்பவில்லை.