கதவில் வைத்த கை

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை. கிண்ணியாவில் என் சின்னக் காருக்குப் புதுப் பற்றரி போட்டேன். அன்றோடு காருடன் வந்த ரேடியோ செட் வாயை மூடிக்கொண்டது. ஜப்பானில் இருந்து வந்த கார். திரையில் அந்த நாட்டு எழுத்தில் ஏதோ இரகசிய இலக்கம் கேட்டுக்கொண்டே நின்றது. இலக்கத்துக்கு நான் எங்கே போவேன்?

பாட்டுப் போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் உள்ளே ஒரு சீடி மாட்டிக்கொண்டது. தங்கச்சியின் கலியாண வீட்டில் வாப்பா பாடியது. வாப்பா மௌத்தாகி ஆறு வருஷம். அவருடைய குரல் என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். பிரதி எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்றே நாளைக் கடத்தியவள் நான்.

திருகோணமலை நகரில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். "பழசை நெம்பித்தான் சீடியை எடுக்க வேணும். கீறல் விழுந்தா எங்களோட கதைக்கப்படாது" என்றார்கள். சல்லி என்ற கடற்கரை ஊரில் படகு ரேடியோ திருத்துகிற ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, புதுச் செட் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனேன்.

கருவாடு காயும் வெளிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில். அவர் என் முகத்தையே பார்த்தபடி நான் சொன்ன விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். தலையாட்டிவிட்டுக் காரின் முன் இருக்கையில் குனிந்தார். நான் பின்னால் ஏறி இருந்துகொண்டேன்.

"தம்பி, கவனம். வாப்பாட குரல் அது."

மூன்று தரம் சொன்னேன். திரும்பவே இல்லை.

"சரியான பெருமை பிடிச்ச மனுசன்" என்று முணுமுணுத்தேன்.

பின்பக்கம் காட்டும் முன் கண்ணாடியில் அவருடைய கண்கள் சிரித்தன. தேத்தண்ணியோடு வந்த மனைவியிடம் கைகளால் ஏதோ சொன்னார். அவ விழுந்து விழுந்து சிரித்தா.

"அக்கா, இவருக்குப் பிறவியிலேயே காது கேளாது. நீங்கள் ஏசினதைக் கண்ணாடியில உங்கட உதட்டைப் பார்த்துப் பிடிச்சிட்டாராம். பெருமை எல்லாம் இல்லையாம், வேலைதான் கூடவாம்!"

எனக்கு இருக்கிற இடம் தெரியவில்லை.

அவர் பழைய செட்டைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த சின்னப் பல்சக்கரத்தை விரல் நுனியால் மெல்ல மெல்லச் சுழற்றினார். சீடி ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்தது. புதுச் செட்டைப் பூட்டி, அந்தச் சீடியையே உள்ளே தள்ளினார். வாப்பா பாடத் தொடங்கினார். திருத்துகிறவரோ இரண்டு கதவுகளிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, இடப் பக்கத்தைக் காட்டித் தலையசைத்தார். அந்த ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. காது கேட்கிற எனக்கு அது விளங்கவே இல்லை. கதவு மடியும் இடத்தில் அறுந்திருந்த வயரைத் தேடிப் பொருத்தினார்.

பிறகு மறுபடியும் கதவில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றவர், திடீரென்று தோள் குலுங்கச் சிரித்துக் காட்டினார்.

"இந்த இடத்தில ஆரோ சிரிக்கினமாமே, அக்கா?" என்று மனைவி கேட்டா.

ஓம். பாட்டின் அடுத்த அடி மறந்துபோய் வாப்பா சிரிக்கிற இடம் அது.

இத்தனை வருஷம் அந்தச் சிரிப்பைக் காதால் மட்டும்தான் கேட்டேன். இப்போது அந்த இடம் வரும்போது காரை ஓரங்கட்டி, கதவில் கையை வைத்துக்கொண்டு இருப்பேன்.