நமுத்துப்போன ரேடியோ

எங்கள் வீட்டில் ரேடியோவை வெயிலில் காயவைத்தார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் வயிறுதான் எரிகிறது. சிங்கப்பூரிலிருந்து சாக்கில் சுற்றி லாரியில் வந்த புத்தம் புதுப் பெட்டி அது. அதை மோர்மிளகாய்த் தட்டுக்கும் வடகப் பாய்க்கும் நடுவில் வைத்து, காக்காய் கொத்தாமல் பார்த்துக்கொள்ள என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். காக்காய் ரேடியோவைக் கொத்துமா என்று யாரும் யோசிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மேல்பலகை விரிந்துகொண்டது. அதற்கும் பெட்டியைத்தான் குறை சொன்னார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி அது. மலாயாவில், ஜொகூரில் ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்து ஆபீஸில் அப்பா பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அம்மாவின் தம்பியான என் மாமா அதே ஆபீஸில் சின்ன கிராணி. தனி ஆள், மூன்று வேளைச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். எனக்கு ஒன்பது வயது.

வீட்டில் மின்சாரம் கிடையாது. ரேடியோ கார் பேட்டரியில் ஓடியது. பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் வைப்பார்கள். காசு போட்டு வாங்கியவர் அப்பா. ஆனால் பெட்டியின் திருகு மட்டும் மாமாவின் கையில் இருந்தது. கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர் அவர், தோட்டத்திலேயே சங்கீதம் தெரிந்தவர் என்று பெயர். அதனால் என்ன கேட்கலாம், எது வரைக்கும் கேட்கலாம் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தார். அவரைக் கேள்வி கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

முதலில் சிங்கப்பூர் நிலையத்தில் தமிழ்ப் பாட்டு. அது முடிந்ததும் அப்பாவுக்காகச் சீமை நிலையத்தில் ஆங்கிலச் செய்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தி முடிந்த பிறகும் பெட்டியை அணைக்க மறந்துவிட்டார்கள். அப்போதுதான் அந்த இசை வந்தது.

என்னென்ன வாத்தியம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று ஏதோ சொல்ல ஆரம்பித்தது. இன்னொன்று அதை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது இரண்டையும் அதட்டியது. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சண்டை போட்டால் வெளியே நிற்கும் பிள்ளைக்கு எப்படிக் கேட்குமோ அப்படி இருந்தது. தாளம் போட வரவில்லை, முணுமுணுக்கவும் வரவில்லை. ஆனாலும் என்னால் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. திடீரென்று எல்லாம் ஓய்ந்து ஒரே ஒரு வயலின் மட்டும் மெல்லிசாக மேலே ஏற ஆரம்பித்தது. எங்கே போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மாமா எழுந்து வந்து திருகைத் திருகி அணைத்துவிட்டார்.

அந்த நிலையம் அதே இசையை அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் வைத்தது. செய்தி முடிந்ததும் அணைக்காதீர்கள் என்று நான் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிவிடுவேன். மாமா மூலையில் உட்கார்ந்திருப்பார். மற்றது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வயலின் தனியாக ஏறும் அந்த இடத்தில் சரியாக எழுந்து வருவார். பிடிக்கவில்லை என்றால் முதலிலேயே அணைக்க வேண்டியதுதானே? ஒவ்வொரு தடவையும் என்னை அது வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பாதியில் விட்டால் அது வேண்டுமென்றே செய்வதல்லாமல் வேறென்ன? அந்த வயலின் கடைசியில் என்னதான் ஆயிற்று என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு தடவை அறிவிப்பாளர் பேசியதை அப்பா கேட்டுச் சொன்னார். "இது போன வருஷம்தான் எழுதினதாம்."

"அதான பாத்தேன். இன்னும் ஈரம் காயல" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். ஈரம் என்ற வார்த்தையை அம்மா பிடித்துக்கொண்டாள். விடாத மழைக்காலம் அது. டின்னில் போட்ட முறுக்கே நமுத்துப்போகும்போது பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்காதா? அதனால்தான் இப்படிக் கரகரவென்று கோணல்மாணலாகச் சத்தம் வருகிறது என்று வீடே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. அந்தப் பாட்டே அப்படித்தான்" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. "அப்ப தமிழ்ப் பாட்டு மட்டும் எப்படி நல்லா வருது?" என்று கேட்டேன்.

"நம்ம பாட்டு நமுக்காது பாப்பா" என்றார் மாமா. மழை விட்ட முதல் நாளே பெட்டி வெயிலுக்குப் போனது.

காய்ந்த பெட்டியிலும் அந்த இசை கொஞ்சமும் மாறாமல் வந்தது. அப்பா குழம்பிப்போய்த் தோட்டத்துத் துரையிடம் விஷயத்தைச் சொன்னார். துரை முகம் சிவக்கச் சிரித்துவிட்டு, இதெல்லாம் இந்தக் காலத்துப் புது சங்கீதம், பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்றாராம். அதோடு விட்டாரா? துரைசானியிடம் சொல்ல, அந்த அம்மாள் கிளப் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் நான்கு வித்வான்கள் ஜொகூர் பாருவில் வெள்ளைக்காரர் கிளப்பில் வாசிக்கப்போகிறார்கள், அதே இசைதான், ரேடியோவைக் காயவைத்த குடும்பத்தை வரச் சொல் என்று ஆள் அனுப்பினாள். சங்கீதத்தைப் பார்க்க எங்களைக் கூப்பிட்டார்களா, எங்களைப் பார்க்கக் கூப்பிட்டார்களா? இதை யோசிக்கும் வயது எனக்கு அப்போது இல்லை. ராத்திரியெல்லாம் சந்தோஷத்தில் புரண்டேன்.

அம்மா வரவில்லை, நாங்கள் மூன்று பேரும்தான் போனோம். மண்டபத்துக்குள் எங்களுக்கு இடம் கிடையாது. வெளி வராந்தாவில், கார் டிரைவர்களுக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி ஒரு பெஞ்சைக் காட்டினார்கள். உட்காரும் முன்பே துரை அப்பாவை ரயில் ஸ்டேஷனுக்கு ஏதோ சாமான் எடுத்துவர அனுப்பிவிட்டார். நானும் மாமாவும்தான் மிச்சம்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு வயலின், அவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று, முழங்காலுக்கு நடுவில் நிறுத்திய பெரியது ஒன்று. அந்தச் சண்டையெல்லாம் இந்த நான்கு பேர் போட்டதுதான்! ஒருவர் வில்லை இழுக்கும் முன் மற்றவரின் கண்ணைப் பார்த்தார். பெட்டியில் கோபமாக மட்டும் கேட்ட இடத்தில் இங்கே ஒருவருக்கொருவர் வழி விடுவது தெரிந்தது. பிறகு மூன்று வில்லும் நின்றன. ஒரு வயலின் தனியாக ஏறியது. இங்கே யாராலும் திருக முடியாது என்று நான் நினைத்த அதே நேரம் மாமாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"வா, போலாம்."

"மாட்டேன். முடியட்டும் மாமா."

"வான்னா வா."

கம்பியிலிருந்து என் விரல்களைப் பிரித்து எடுத்தார். படியிறக்கி, கார் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார். அங்கே என்னை விட்டுவிட்டுப் பலகைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோளில் கிடந்த துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். முதுகு குலுங்கியது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர். சிரிக்கிறார்! என் உயிரை எடுத்துவிட்டு, அந்த வித்வான்களைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கிறார்! நான் திரும்பி ஓடினேன். படி ஏறும்போதே உள்ளே கைதட்டல் எழுந்துவிட்டது.

பஸ்ஸில் அப்பா எப்படி இருந்தது என்று கேட்டார். "பெட்டி மேல தப்பில்ல அத்தான்" என்றார் மாமா. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அம்மாவிடம் நியாயம் கேட்டேன். "ஒன் தம்பி என்னையப் பாதியிலயே இழுத்துட்டு வந்துட்டாரு. அவங்க வாசிச்சதக் கேட்டு ஒரே சிரிப்பு. ஒடம்பெல்லாம் குலுங்குது."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "சத்தமா சிரிச்சானா?"

"எங்க? துண்ட வாயில திணிச்சிக்கிட்டாருல்ல. சத்தமே வரல. கண்ணுல தண்ணியா ஊத்துது, அப்படிச் சிரிப்பு."

அம்மா அவரை இரண்டு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு ஒரு தட்டில் சோறு போட்டாள். எனக்கு எடுத்துவைத்திருந்த பொரித்த மீனையும் அதில் வைத்து, பின்கட்டுப் படியில் இருட்டில் உட்கார்ந்திருந்த தன் தம்பியிடம் கொண்டுபோனாள். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அநியாயம் செய்தவருக்கு மீனும் சோறும், அநியாயம் நடந்த எனக்கு ஒரு வார்த்தை கூடக் கிடையாது. அம்மாவும் அவர் கட்சிதான் என்று தீர்மானித்து, நான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.